பேஸ் கிடாருக்கு எந்த டியூனர் பெடல்: பாஸ் டியூ-3ஐ முன்வைத்து ஒரு மதிப்பீடு

பேஸ் கிடார் வாசிப்பவர்கள் டியூனர் பெடல் (தந்திகளின் சுருதியைச் சரிபார்க்கக் காலடியில் வைக்கும் கருவி) வாங்கும்போது செய்யும் முதல் பிழை, கிடார் வாசிக்கும் நண்பரின் பரிந்துரையை அப்படியே ஏற்றுக்கொள்வதுதான். நானும் அதைத்தான் செய்தேன். எங்கள் மெல்லிசைக் குழுவின் கிடார் கலைஞர் தம் காலடியில் வைத்திருந்த தீப்பெட்டி அளவிலான மலிவு விலைப் பெடல், அவருடைய ஆறு தந்திகளையும் கண்ணிமைக்கும் நேரத்தில் அடையாளம் கண்டதைப் பார்த்து, அதே பெடலை நானும் வாங்கி என் ஐந்து தந்தி பேஸில் இணைத்தேன். ஜி தந்தியிலும் டி தந்தியிலும் ஒரு குறையும் இல்லை. ஏ தந்தியில் சற்றே தயக்கம் தெரிந்தது. ஐந்தாவது தந்தியான தாழ்ந்த பி-யை மீட்டியதும் திரையில் ஒரு கணம் பி என்றும், மறுகணம் எஃப் ஷார்ப் என்றும் எழுத்துகள் மாறி மாறித் தோன்றின. பிறகு எதுவுமே தெரியாமல் திரை இருண்டது. ஒரு வரவேற்பு நிகழ்ச்சியில், பாடகர் அறிவிப்பாளரோடு பேசிக்கொண்டிருந்த அந்த அரை நிமிட இடைவெளியில், அந்த ஒரு தந்தியைச் சுருதி சேர்க்க முடியாமல் அன்று இரவு முழுவதும் அதைத் தொடாமலேயே வாசித்து முடித்தேன்.

அந்தப் பெடலைத் தயாரித்தவர் யார் என்பது இங்கே தேவையில்லை; கிடாருக்கு அது இன்றும் நல்ல கருவிதான். பேஸின் தேவை வேறு என்பதே நான் சொல்ல வருவது. கடைகளிலும் விளம்பரங்களிலும் டியூனர் பெடல்கள் ஒரு செண்ட் (அரைச்சுரத்தின் நூற்றில் ஒரு பங்கு), அரை செண்ட், நூற்றில் இரண்டு செண்ட் என்று துல்லியத்தின் எண்ணிக்கையால்தான் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. பேஸ் வாசிப்பவருக்கு அந்த எண் ஏறக்குறைய பயனற்றது என்பதே ஏழெட்டு ஆண்டுகளாகப் பாஸ் நிறுவனத்தின் டியூ-3 பெடலைப் பயன்படுத்தியும், இடையிடையே பிறருடைய பெடல்களை இரவல் வாங்கிப் பார்த்தும் நான் அடைந்த முடிவு. (பாஸ் என்பது நிறுவனம், பேஸ் என்பது கருவி, தமிழில் எழுதும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் படிக்கும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன்.)

காரணத்தைக் கணக்கோடு பார்த்தால் விளங்கும். நான்கு தந்தி பேஸின் தடித்த இ தந்தி நொடிக்கு 41.2 முறை (41.2 ஹெர்ட்ஸ்) அதிர்கிறது. ஐந்து தந்தி பேஸின் பி தந்தி 30.87 முறைதான் அதிர்கிறது. கிடாரின் மெல்லிய இ தந்தியோ நொடிக்கு 329.6 முறை அதிர்கிறது. டியூனர் என்பது அடிப்படையில், ஓர் அலை தொடங்கி முடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை அளக்கும் கருவி. கிடாரின் மெல்லிய தந்தியில் பத்து அலைகளைக் கேட்டு முடிக்க அதற்கு 30 மில்லிசெகண்ட் போதும். பேஸின் பி தந்தியில் அதே பத்து அலைகளுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நொடி காத்திருக்க வேண்டும். ஒரு செண்ட் என்பது மெல்லிய இ தந்தியில் ஏறத்தாழ 0.19 ஹெர்ட்ஸ் ஆகிறது. பி தந்தியில் அது 0.018 ஹெர்ட்ஸ் மட்டுமே. அதாவது பத்தில் ஒரு பங்கு அளவுள்ள வேறுபாட்டை, பத்து மடங்கு மெதுவாக வரும் அலைகளிலிருந்து பிரித்தறிய வேண்டிய வேலையை நாம் டியூனரிடம் கொடுக்கிறோம்.

இதோடு சிக்கல் முடியவில்லை. தடித்த தந்தியில் அடிப்படை அதிர்வைவிட அதன் இரண்டாவது, மூன்றாவது மேற்சுரங்கள் பல நேரங்களில் ஓங்கி ஒலிக்கின்றன. பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பகுதி), தந்திகளின் கீழ்முனை பொருந்தியிருக்கும் பாலத்தருகே இருந்தாலும், பாலத்தை ஒட்டி மீட்டினாலும் இது இன்னும் கூடும். பி தந்தியின் மூன்றாவது மேற்சுரம் எஃப் ஷார்ப். என் பழைய பெடல் திரையில் காட்டிய அந்த எஃப் ஷார்ப், கருவி உளறியதால் வந்ததல்ல. உண்மையில் அந்த ஒலிக்குள் இருந்த சுரத்தைத்தான் அது பிடித்திருக்கிறது, எதை விட வேண்டும் என்பதுதான் அதற்குத் தெரியவில்லை. அதோடு, தந்தியை ஓங்கி மீட்டும் கணத்தில் அது இழுபட்டுச் சுருதி சற்றே ஏறி, பிறகு மெல்ல இறங்கி நிலைகொள்கிறது. தொய்வாக இருக்கும் தடித்த தந்தியில் இந்த ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருக்கும். தந்தியே சில செண்ட் அலைந்துகொண்டிருக்கும்போது, நூற்றில் இரண்டு செண்ட் துல்லியம் எதை அளக்கப் போகிறது?

டியூ-3 இந்த இடத்தில்தான் என் நம்பிக்கையைப் பெற்றது. 1998இல் வந்த டியூ-2 என்ற முந்தைய வடிவத்துக்கு மாற்றாக 2010இல் வெளியான இந்தப் பெடலின் துல்லியம் வெறும் ஒரு செண்ட் என்றுதான் குறிப்பிடப்படுகிறது. இன்றைய சந்தையில் அது பெருமைப்பட்டுக்கொள்ளத்தக்க எண் அல்ல. ஆனால் பி தந்தியை மீட்டினால், ஒரு சிறு தாமதத்துக்குப் பிறகு பி என்று காட்டி அதிலேயே நிற்கிறது. தந்தியின் ஒலி தேய்ந்து மறையும் வரை எழுத்து மாறுவதில்லை. அளவுமானியில் 21 எல்இடி விளக்குகள் ஒரு வளைவில் அமைந்துள்ளன. சுருதி நடுவில் வந்து பொருந்தியதும் விளக்குகள் தனியாக ஓர் அசைவைக் காட்டி உறுதிசெய்கின்றன. மேடையில் குனிந்து உற்றுப் பார்க்க நேரமில்லாதவர்களுக்கு இந்த அசைவு, ஊசி நடுவில் நிற்கிறதா என்று கணிப்பதைவிட எளிதானது. ஆறு தந்தி பேஸ் வரைக்கும் தந்தி எண்ணைக் காட்டும் தனி முறையும் உண்டு. ஆனால் நான் எப்போதும் சுரத்தின் பெயரைக் காட்டும் குரோமாட்டிக் முறையையே பயன்படுத்துகிறேன். தந்தி எண்ணைக் காட்டும் முறையில், தந்தி மிகவும் தளர்ந்து போயிருந்தால் அது எந்தச் சுரத்தில் நிற்கிறது என்பது விளங்காது.

எந்தப் பெடலாக இருந்தாலும் அதற்கு நாம் கொடுக்கும் ஒலி தெளிவாக இருந்தால்தான் அது தெளிவாகப் பதில் சொல்லும் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். டியூன் செய்யும்போது பேஸின் டோன் குமிழைக் குறைத்து, கழுத்தருகே உள்ள பிக்கப்பை மட்டும் திறந்து வைத்து, கழுத்து உடலோடு சேரும் இடத்தில் கட்டைவிரலின் சதையால் மென்மையாக ஒரே ஒரு முறை மீட்ட வேண்டும். மற்ற தந்திகளை இடது உள்ளங்கையால் அணைத்திருக்க வேண்டும். அப்படியும் பி தந்தி பிடிபடவில்லை என்றால் 12ஆவது ஃப்ரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மேல் விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்டினால் வரும் ஹார்மோனிக் ஒலி 61.7 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். அதைப் பெரும்பாலான டியூனர்கள் தயங்காமல் பிடித்துவிடும். தடித்த தந்தியின் விறைப்பினால் அந்த ஹார்மோனிக் சரியான இரட்டிப்பைவிட மயிரிழை ஏறியே ஒலிக்கும் என்றாலும் மேடை வேலைக்கு அது பொருட்டல்ல. 5ஆவது, 7ஆவது ஃப்ரெட் ஹார்மோனிக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் காதால் சேர்க்கும் பழைய பழக்கத்தை மட்டும் டியூனர் கையில் இருக்கும்போது விட்டுவிடலாம். 7ஆவது ஃப்ரெட் ஹார்மோனிக் இயற்கையான பஞ்சமத்தில் ஒலிப்பதால், ஒவ்வொரு தந்திக்கும் இரண்டு செண்ட் வீதம் பிழை சேர்ந்து, ஐந்து தந்திகளைக் கடக்கும்போது எட்டு செண்ட் வரை போய் நிற்கும். கீபோர்டோடு சேர்ந்து வாசிக்கும்போது அது காதில் உறுத்தும். இன்னொன்று: சுருதி ஏறியிருந்தால் தேவையான அளவுக்குக் கீழே தளர்த்திவிட்டு, அங்கிருந்து முறுக்கி மேலேறியே சேர்க்க வேண்டும். தளர்த்திக்கொண்டே வந்து நிறுத்திய தந்தி, இரண்டாவது பாட்டுக்குள் இறங்கிவிடும்.

மேடைக்கு உரிய பெடலில் நான் இரண்டாவதாகப் பார்ப்பது வெளிச்சம். நம் ஊர் வரவேற்பு நிகழ்ச்சிகளில் பல, மாலை ஐந்து மணிக்குத் திறந்த புல்வெளியில் மேற்கு நோக்கிய மேடையில் ஒலிச் சோதனையோடு தொடங்குகின்றன. அந்த நேரத்து வெயிலில் பல பெடல்களின் திரை வெறும் கறுப்புக் கண்ணாடியாகத்தான் தெரியும். டியூ-3இல் வெளிச்சத்தைக் கூட்டும் முறை ஒன்று தனியாக இருக்கிறது. நேர் வெயிலில்கூட விளக்குகள் எரிவதை நின்ற இடத்திலிருந்தே பார்க்க முடிகிறது. அதற்கு விலை, மின்சாரம். அந்த முறையில் 9 வோல்ட் பேட்டரி விரைவில் தீர்ந்துவிடும் என்பதால் அடாப்டர் இல்லாமல் அதைப் பயன்படுத்துவது வீண். இரவு ஏழு மணிக்கு மேல் அதே வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யும், அப்போது குறைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, மௌனம். பெடலை மிதித்ததும் ஒலி நின்று டியூனர் விழிக்க வேண்டும். மீண்டும் மிதித்ததும் ஒலி திரும்ப வேண்டும். சொல்வதற்கு எளிய செயல்தான். ஆனால் கிடாரை டியூன் செய்யும் ஒலி கேட்டால் அவையோர் சகித்துக்கொள்வார்கள். பேஸ் தந்தியை டியூன் செய்யும் ஒலி பெரிய ஒலிபெருக்கிகளின் வழியே வந்தால் மண்டபமே உறுமும். டியூ-3இல் இரண்டு வெளியீட்டு ஜாக்குகள் உள்ளன. ஒன்றில் டியூனர் விழித்திருக்கும்போது ஒலி நின்றுவிடும். பைபாஸ் எனக் குறிக்கப்பட்ட இன்னொன்றில் எப்போதும் ஒலி சென்றுகொண்டேயிருக்கும். ஆம்ப்புக்கு (ஒலியைப் பெருக்கும் கருவிக்கு) செல்லும் கேபிளை அவசரத்தில் பைபாஸ் ஜாக்கில் செருகிவிட்டு, மிதித்தும் ஒலி நிற்கவில்லையே என்று திகைத்து நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் நிகழ்ச்சியில் அப்படித் திகைத்து நின்றவர்களில் நானும் ஒருவன். அந்தப் பிழைக்குப் பிறகு, தேவையற்ற ஜாக்கின் வாயில் ஒரு சிறு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டேன்.

அடுத்து, இசைக்கலைஞர்கள் தேநீர்க் கடையில் மணிக்கணக்கில் வாதிடும் பஃபர், ட்ரூ பைபாஸ் என்ற விவகாரம். டியூ-3 பஃபர் (வரும் ஒலியலைக்கு வலுவூட்டி அனுப்பும் மின்சுற்று) கொண்ட பெடல். அணைந்திருந்தாலும் நம் ஒலி அதன் மின்சுற்றின் வழியாகவே செல்கிறது. ட்ரூ பைபாஸ் பெடலில், அணைந்திருக்கும்போது உள்ளே வந்த ஒலி ஒரு கம்பித் துண்டின் வழியாகச் செல்வதுபோல அப்படியே வெளியேறிவிடும். எது மேல் என்பதற்குப் பதில் பெடலில் இல்லை, உங்கள் பேஸில் இருக்கிறது. பேட்டரி இல்லாத பாசிவ் பேஸின் பிக்கப், நீண்ட கேபிளைத் தாங்கும் வலு இல்லாதது. கேபிளின் மின்தேக்குத் திறன் மேற்சுரங்களை விழுங்கிவிடும். பேஸிலிருந்து பெடலுக்கு ஆறு மீட்டர், பெடலிலிருந்து ஆம்ப்புக்கு இன்னோர் ஆறு மீட்டர் என்று கேபிள் ஓடும் மேடையில், ட்ரூ பைபாஸ் பெடல் வழியே பாசிவ் பேஸ் வாசித்தால், பன்னிரண்டு மீட்டர் கேபிளின் சுமையும் அந்தப் பிக்கப்பின் தலையில்தான் விழும். பஃபர் இருந்தால் முதல் ஆறு மீட்டரோடு அந்தச் சுமை நின்றுவிடும். உள்ளேயே பேட்டரியும் ப்ரீ-ஆம்ப்பும் கொண்ட ஆக்டிவ் பேஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த வாதம் முழுவதுமே தேவையற்றது. அவர்களுடைய கருவிக்குள்ளேயே பஃபரின் வேலை நடந்து முடிந்துவிடுகிறது.

ஆனால் பஃபருக்கு ஒரு குணம் உண்டு. அதை அறியாமல் வாங்கக் கூடாது. மின்சாரம் இல்லாவிட்டால் இத்தகைய பெடலின் வழியே ஒலி செல்லாது. மண்டபத்தில் மின்சாரம் நின்று ஜெனரேட்டர் உயிர்பெறும் இடைவெளியில் எல்லாமே நின்றுபோவதால் அது பெரிதல்ல. பெடல்களுக்கு மட்டும் மின்சாரம் தரும் நீட்டிப்புப் பலகையை யாரோ கால் இடறிக் கழற்றிவிட்டால், ஆம்ப் எரிந்துகொண்டிருக்கும், பேஸ் மட்டும் மௌனமாகிவிடும்; நாம் கேபிளையும் ஆம்ப்பையும் சோதித்துக்கொண்டிருப்போம். டியூ-3க்குள் ஒரு பேட்டரியைப் போட்டுவைத்தால் அடாப்டரின் பின் பெடலிலிருந்து கழன்று விழும் தருணத்தில் அது கைகொடுக்கும். அந்தக் கவலையே வேண்டாம் என்பவர்கள் கோர்க் நிறுவனத்தின் பிட்ச்பிளாக் வரிசையைப் பார்க்கலாம். அது ட்ரூ பைபாஸ் என்பதால் மின்சாரம் இல்லாமலும் ஒலி கடந்து செல்லும். கைக்கு அடக்கமான ஊசி டியூனரை 1975இலேயே சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனம் அது என்பதால் இந்தத் துறையில் அதன் அனுபவத்தைப் பற்றி ஐயம் கொள்ள வேண்டியதில்லை. பஃபரா, ட்ரூ பைபாஸா என்பதை ஒரு சுவிட்சினால் தேர்ந்துகொள்ளும் வசதி, பாஸ் நிறுவனத்தின் வாசா கிராஃப்ட் வரிசையில் வந்த டியூ-3இல் இருக்கிறது. அதற்கான கூடுதல் விலையைக் கொடுக்கும் அளவுக்கு எனக்குத் தேவை ஏற்படவில்லை.

நம் ஊரில் பேஸ் வாசிப்பவருக்கு வேறெங்கும் இல்லாத ஒரு சோதனை உண்டு. சர்வதேச விமர்சனங்களில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. நாகசுவரத்தோடு சேர்ந்து வாசிக்கும் நிகழ்ச்சிகளைத்தான் சொல்கிறேன். பாரி நாகசுவரத்தின் (தாழ்ந்த சுருதி கொண்ட நீண்ட நாகசுவரம்) சுருதி 2 கட்டை என்று சொல்வார்கள்; அதாவது டி. ஆனால் அந்த மரக்குழல், கீபோர்டின் டி-யோடு அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்ப்பது பேராசை. வித்துவானைத் தம் கருவியை மாற்றச் சொல்ல முடியாது. நாம்தான் இறங்கிப் போக வேண்டும், அல்லது ஏறி. டியூ-3இல் ஏ சுரத்தின் அடிப்படை அளவை 436 முதல் 445 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு ஹெர்ட்ஸாக மாற்றலாம். 436 என்பது இயல்பான 440ஐவிட ஏறக்குறைய 16 செண்ட் கீழே. 445 என்பது ஏறக்குறைய 20 செண்ட் மேலே. அரைக் கட்டை என்பது 100 செண்ட். ஆகவே நாகசுவரம் 30 செண்ட் விலகி நின்றால் இந்த வசதியால் எட்ட முடியாது. அப்போது நான் செய்வது இது: டியூனரைப் பார்க்காமல் டி தந்தியை மட்டும் நாகசுவரத்தின் ஆதார சட்ஜத்தோடு காதால் சேர்த்துவிட்டு, பிறகு பெடலை மிதித்து, டி-க்கு எந்தப் பக்கம், எத்தனையாவது விளக்கு எரிகிறது என்று பார்த்துக்கொள்வேன். மற்ற நான்கு தந்திகளையும் அதே பக்கத்தில் அதே விளக்கு எரியும்படி வைத்தால் போதும். சீட்டியோசை போன்ற துல்லியம் வராது. ஆனால் தவிலுக்கும் நாகசுவரத்துக்கும் கீழே பேஸ் உறுத்தாமல் உட்காரும். நடுவில் வந்ததும் இதுதான் சரி என்று அறிவிக்கும் அந்த விளக்கசைவு இந்த வேலையில் சிறிதும் உதவாது என்பதால், அளவுமானியின் நிலையைப் படிக்கப் பழகியிருக்க வேண்டும்.

பாடகருக்காக அரைக் கட்டை இறக்கி வாசிக்க வேண்டிய நிகழ்ச்சிகளுக்கு வேறு வழி இருக்கிறது. டியூ-3இன் ஃப்ளாட் முறையில், தந்திகளை அரைச்சுரம் இறக்கிச் சேர்த்தாலும் திரையில் வழக்கமான இ, ஏ, டி, ஜி என்றே தெரியும்படி வைத்துக்கொள்ளலாம். ஆறு அரைச்சுரங்கள் வரை இப்படி இறக்கலாம். பேஸில் ஒன்று, இரண்டைத் தாண்டி இறக்க வேண்டாம் என்பது என் கருத்து. பி தந்தி அரைச்சுரம் இறங்கினாலே 29 ஹெர்ட்ஸுக்கு வந்து, தளர்ந்து ஃப்ரெட்டில் அடிக்கத் தொடங்கும். அந்த நிலையில் எந்த டியூனரைக் குறைசொல்லியும் பயனில்லை.

மாற்றுப் பெடல்களில் டிசி எலக்ட்ரானிக் நிறுவனத்தின் பாலிட்யூன் 3 பற்றிப் பலரும் கேட்கிறார்கள். எல்லாத் தந்திகளையும் ஒரே நேரத்தில் மீட்டினால் எந்தத் தந்தி விலகியிருக்கிறது என்று காட்டும் தொழில்நுட்பத்தை அந்த நிறுவனம் 2010இல் கொண்டுவந்தது. கிடாருக்கு அது ஓர் அற்புதம் என்பதில் எனக்கு ஐயமில்லை. பேஸுக்கும் அதில் தனி முறை இருக்கிறது. ஆனால் பேஸில் எல்லாத் தந்திகளையும் ஒருசேர மீட்டுவது நம் கைக்கு இயல்பான செயல் அல்ல. மீட்டினாலும், ஒன்று இறங்கியிருக்கிறது என்று தெரிந்த பிறகு அதைத் தனியாக மீட்டித்தான் சேர்க்கப் போகிறோம். இருக்கும் தந்திகளே நான்கு அல்லது ஐந்துதான் என்னும்போது இதனால் மிச்சமாகும் நேரம் மிகக் குறைவு. அந்தப் பெடலை வாங்குவதற்கு வலுவான காரணம் வேறு: அதில் உள்ள பஃபரை வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாமானால் ட்ரூ பைபாஸாக மாற்றிக்கொள்ளலாம். திரையும் பெரியது. அதன் மினி வடிவத்துக்குப் பேட்டரி கிடையாது என்பதையும், சிறிய பெடல்கள் கனமான பேஸ் கேபிளின் இழுப்பில் தரையில் புரளும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பீட்டர்சன் நிறுவனத்தின் ஸ்ட்ரோபோஸ்டாம்ப் எச்டி தனி வகை. ஊசிக்குப் பதிலாக ஒரு கோலம் திரையில் நகர்ந்துகொண்டேயிருக்கும். சுருதி இறங்கியிருந்தால் இடப்பக்கமும் ஏறியிருந்தால் வலப்பக்கமும் ஓடும். சேர்ந்ததும் அசையாமல் நிற்கும். துல்லியம் பத்தில் ஒரு செண்ட். நண்பர் ஒருவரிடமிருந்து ஒரு வாரம் வாங்கிப் பார்த்தபோது மேடையில் எனக்கு அது பொறுமையைச் சோதிப்பதாகவே இருந்தது. பெடலில் பிழை இல்லை. தடித்த தந்தி ஒருபோதும் அசையாமல் நிற்பதில்லை என்ற உண்மையை அது ஒளிக்காமல் காட்டிவிடுகிறது, அவ்வளவுதான். வீட்டில் மேசைமேல் பேஸைப் படுக்க வைத்து, 12ஆவது ஃப்ரெட்டை அழுத்தி மீட்டிய ஒலியும் அதே இடத்தின் ஹார்மோனிக் ஒலியும் ஒன்றாகும் வரை பாலத்தில் தந்திகளைத் தாங்கும் சேணங்களை முன்னும் பின்னும் நகர்த்தும் இன்டொனேஷன் வேலையில் அதே பெடல் எனக்குப் பொன்னாகத் தோன்றியது. டியூ-3 காட்டாத விலகலை அது காட்டியது. அன்று சரிசெய்த பிறகு மேல் ஃப்ரெட்டுகளில் வாசிக்கும்போது இருந்த ஒரு பழைய நெருடல் மறைந்தது. சொந்தமாகக் கருவியைச் சீர்செய்பவர்களும், பதிவுக்கூடத்தில் வாசிப்பவர்களும் அதன் கூடுதல் விலையைக் கொடுக்கலாம். தந்தி வாரியாகச் சில செண்ட் மாற்றிச் சேர்க்கும் அதன் சிறப்பு டியூனிங்குகளை நான் பயன்படுத்துவதில்லை. பேஸ் கீபோர்டோடு ஒட்டி நடக்க வேண்டிய கருவி என்பது என் பழக்கம்.

பெடலே எதற்கு, பேஸின் தலைப்பகுதியில் கவ்விக்கொள்ளும் டியூனர் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். அது மரத்தின் அதிர்வைக் கேட்டு இயங்குவது. அமைதியான அறையில் போதும். பக்கத்தில் டிரம்ஸ் கலைஞர் கிக் டிரம்மை மிதித்துப் பார்க்கும் மேடையில், அந்த அதிர்வும் தரை வழியாகவும் காற்று வழியாகவும் பேஸின் தலைக்கு வந்து சேரும். கைப்பேசிச் செயலி பற்றிப் பேச வேண்டியதே இல்லை. கைப்பேசியின் மைக் 31 ஹெர்ட்ஸைச் சரியாகக் கேட்பதற்காகச் செய்யப்பட்டது அல்ல.

வாங்கப் போகும்போது உங்கள் சொந்தப் பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு போங்கள். கடையில் தொங்கும் புதுத் தந்தி பூட்டிய நான்கு தந்தி பேஸில் எந்தப் பெடலும் நன்றாகத்தான் வேலை செய்யும். ஓராண்டாக மாற்றாத, வியர்வையில் மங்கிப்போன உங்கள் பழைய பி தந்திதான் சரியான தேர்வாளர். அதை ஒருமுறை மெல்ல மீட்டிவிட்டு ஒலி மறையும் வரை காத்திருங்கள். எழுத்து மாறினால் அந்தப் பெடலைத் திருப்பி வைத்துவிடலாம். பிறகு ஆக்டிவ் பேஸ் என்றால் வால்யூமை முழுதாகத் திறந்து, வலுவாக மீட்டி, பெடல் அணைந்த நிலையில் ஒலி கரகரக்கிறதா என்று கேளுங்கள். கடைசியாக, கடையின் வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் திரையைப் பார்க்க அனுமதி கேளுங்கள். அண்ணா சாலைக் கடை ஒன்றில் நான் இப்படிக் கேட்டபோது விற்பனையாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்; ஆனாலும் பேட்டரி போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்.

வாங்கிய பிறகு ஒரே ஒரு பழக்கம் தேவை. டியூ-3இல் தனியாக மின்சுவிட்ச் கிடையாது. உள்ளீட்டு ஜாக்கில் கேபிள் செருகியிருக்கும் வரை, மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் பேட்டரி கரைந்துகொண்டேயிருக்கும். நிகழ்ச்சி முடிந்து சாப்பிடப் போவதற்கு முன்னால் அந்தக் கேபிளைப் பிடுங்கி வையுங்கள்.